கண்ணைக் கட்டிவிடலாமா, கோலைக் கையில் கொடுக்கலாமா?

"அம்மா, அந்த அக்காவுக்கு ஏன் ஒரு கால் இல்லை?"

நாலு வயதுக் குழந்தை இதைக் காதோடு காதாகக் கேட்காது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, விரலையும் நீட்டிக்கொண்டுதான் கேட்கும். கூட இருக்கும் பெரியவருக்கு முகம் சிவந்துவிடும். "ஷ்ஷ், அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று கையைப் பிடித்து இழுப்பார். இல்லையென்றால் "பாவம்டா" என்று உச்சுக் கொட்டுவார். இரண்டுமே குழந்தைக்குப் பாடம்தான். முதலாவதில் 'இது பேசக் கூடாத விஷயம்' என்று கற்றுக்கொள்கிறது. இரண்டாவதில் 'அந்த அக்கா நம்மை விடக் கீழே' என்று.

மழலையர் வகுப்பில் பல வருடமாக இருக்கிறேன். உடற்குறைபாடுகளைப் பற்றியும், அதற்கான துணைக் கருவிகளைப் பற்றியும் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் அதே சில யோசனைகள்தான் மேசைக்கு வரும். கண்ணைக் கட்டி நடக்க வைக்கலாம். படக்கதை வாசிக்கலாம். வீல்சேர் பொம்மை வாங்கலாம். யாராவது ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். கருவிகளையே கொண்டுவந்து காட்டலாம். இவை எல்லாவற்றையும் ஏதோ ஒரு வருடத்தில் செய்து பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒன்றல்ல. சிலது நல்லது செய்கிறது, ஒன்று நிச்சயமாகக் கெடுதல் செய்கிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். பாடம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வீல்சேரில் வரும் ஒருவரை அந்தக் குழந்தை பார்க்கிறது. மனதில் முதலில் என்ன ஓடும்? 'ஐயோ பாவம்' என்றா, 'பயமா இருக்கு' என்றா, 'இவர் எங்கே போகிறார்?' என்றா? மூன்றாவது வர வேண்டும். ஒரு வழி அதற்கு உதவுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

"இவ்வளவு சின்ன வயதில் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அதன் 8-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை மதிக்கும் மனப்பான்மையை எல்லாக் குழந்தைகளிடமும் சிறு வயதிலிருந்தே வளர்க்கச் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகில் சுமார் 130 கோடிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு ஏதோ ஒன்று உண்டு. ஆறு பேரில் ஒருவர். வகுப்பில் இல்லாவிட்டாலும் வீட்டில், விளையாட்டுத் திடலில், பயணத்தில் குழந்தை அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

கண்ணைக் கட்டுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. செலவில்லை, ஒரு துணி போதும், புகைப்படமும் நன்றாக வரும். 'பார்வையில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவர்களே உணரட்டும்' என்ற எண்ணத்தில் தவறில்லை. நானும் அந்த எண்ணத்தோடுதான் செய்தேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணைக் கட்டி, சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கச் சொன்னேன். பாதிப் பேர் சிரித்து விளையாடினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். மறுநாள் ஓர் அம்மா வந்து சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவர் மகன் இரவில் விளக்கை அணைக்க விடவில்லையாம். "எனக்கும் கண்ணு தெரியாமப் போயிடுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

அவன் பயந்த சுபாவமுள்ள பிள்ளை என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சிக்கல் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது. 2014-இல் ஏரியல் சில்வர்மன் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில்வர்மன் பார்வையற்றவர். கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றவர்களால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியும் என்பதை முன்பைவிடக் குறைவாக நம்பத் தொடங்கினார்கள் என்பது அதன் முடிவு. 2017-இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. இப்படி 'நடித்துப் பார்த்தவர்களுக்கு' பரிவு கூடியது உண்மைதான். ஆனால் கூடவே கையாலாகாத உணர்வும், தனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற எண்ணமும் கூடின. அவர்களோடு பழகுவதைப் பற்றிய மனநிலை மேம்படவில்லை. வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால், கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையே இன்னும் கோடு போடத் தெரியாத ஐந்து வயதுக்கு என்ன ஆகும்?

காரணம் எளிது. கண்ணைக் கட்டியதும் குழந்தை அனுபவிப்பது பார்வையிழந்த முதல் ஐந்து நிமிடத்தை. பார்வையற்ற ஒருவர் வாழ்வது அந்த ஐந்து நிமிடத்தில் இல்லை. அவருக்குப் பல வருடப் பழக்கம் இருக்கிறது, கற்றுத் தேர்ந்த உத்திகள் இருக்கின்றன. வெள்ளைக் கோலை எடுத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்ட் ஹூவர் என்பவர் 1940-களில் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. நீளமான கோலைத் தோள் அகலத்துக்கு இடமும் வலமும் அசைத்து, அடுத்த காலடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிட வேண்டும். இதை முறையாகப் பயின்றுதான் பழக வேண்டும். அந்தத் திறமையில் ஒரு துளிகூடக் கொடுக்காமல் துணியை மட்டும் கட்டிவிட்டால், குழந்தைக்கு மிஞ்சுவது இருட்டும் தடுமாற்றமும்தான்.

ஆகவே இதை நான் விட்டுவிட்டேன். காதில் பஞ்சு அடைப்பது, கையைக் கட்டி எழுதச் சொல்வது எல்லாமும் இதே ரகம்தான்.

கருவியைக் கையில் கொடுப்பது

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குழந்தைகளுக்குப் பொருள்கள் பிடிக்கும். அது எப்படி ஓடுகிறது, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இந்த வடிவம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த ஆர்வத்தில் பயத்துக்கும் பரிதாபத்துக்கும் இடம் குறைவு. மனிதரிடம் என்ன இல்லை என்பதிலிருந்து பேச்சைத் தொடங்காமல், கருவி என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க முடிகிறது.

முதல் பொருளாக நான் எடுத்துப்போவது மூக்குக் கண்ணாடி. உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2022-இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவதொரு துணைக் கருவி தேவை என்று சொல்லப்பட்டது. அந்தக் கணக்கில் வீல்சேரும் காது மெஷினும் மட்டுமல்ல, மூக்குக் கண்ணாடியும் சேர்த்தி. "உங்கள் வீட்டில் யார் கண்ணாடி போடுகிறார்கள்?" என்று கேட்டால் வகுப்பு முழுக்கக் கை உயரும். தாத்தா, பாட்டி, அப்பா, சிலர் தாங்களே. 'கருவி' என்பது யாரோ வேற்று மனிதர்களுடைய சமாச்சாரம் அல்ல என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

அப்புறம் பிரெயில், பார்வையற்றவர்கள் விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து. இதைப்போல் பிள்ளைகளைக் கட்டிப்போடும் பாடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை, ஏனென்றால் இதை உருவாக்கியவர் ஒரு சிறுவன். 1809-இல் பிரான்சில் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி ஒன்று கண்ணில் பட்டுக் காயமடைந்து, ஐந்து வயதுக்குள் இரு கண்களிலும் பார்வையை இழந்தார். படைத்துறையில் இருந்த சார்ல் பார்பியே என்பவர், தொட்டு வாசிக்கும் பன்னிரண்டு புள்ளி எழுத்து ஒன்றை வகுத்திருந்தார். ஓர் எழுத்தை விரல் நுனியால் ஒரே தொடுதலில் உணர முடியாத அளவுக்கு அது பெரிதாக இருந்தது. லூயி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-இல் அந்த முறை உருவானபோது அவருக்கு வயது பதினைந்து. "பதினஞ்சுதானா? எங்க அண்ணனுக்கும் பதினஞ்சு!" என்று ஒரு பிள்ளை கத்தியது நினைவிருக்கிறது.

அட்டையில் ஆறு வட்டம் போட்டு, பொத்தான்களை ஒட்டி எழுத்து செய்யலாம். தமிழுக்கும் இதே ஆறு புள்ளிதான். இடப்பக்க மேல் புள்ளி மட்டும் இருந்தால் 'அ'. தன் பெயரின் முதல் எழுத்தைப் பொத்தானில் செய்து, விரலால் தடவிப் பார்த்த குழந்தைக்குப் பிரெயில் என்பது இன்னோர் எழுத்து முறை. அவ்வளவுதான்.

'வெள்ளைக் கோலைக் கொடுத்தால் அதுவும் நடித்துப் பார்ப்பதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்தியாசம் இருக்கிறது. கண் திறந்தே இருக்கட்டும். கோலின் நுனியைத் தரையில் தட்டச் சொல்லுங்கள், பிறகு கம்பளத்தில், பிறகு மண்ணில், பிறகு கதவில். "கோல் என்ன சொல்லுச்சு?" என்று கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சத்தம் வேறு, கையில் வரும் அதிர்வு வேறு என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பார்வையில்லாமல் இருப்பது எப்படி என்பதல்ல இந்தப் பாடம். கோல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான்.

காது மெஷினை விளக்கும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு மைக், சத்தத்தைப் பெரிதாக்கும் பகுதி, ஒரு குட்டி ஸ்பீக்கர். அது எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும், கூச்சலையும் சேர்த்து. நல்ல மெஷின்கள் இரைச்சலை ஓரளவு குறைக்கும், ஆனால் போட்டவுடன் எல்லாம் தெளிவாகக் கேட்டுவிடாது. இதைச் சொன்னால்தான் 'முகத்தைப் பார்த்துப் பேசு, ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தாதே' என்பதற்குப் பிள்ளைகளுக்குக் காரணம் கிடைக்கிறது. காக்ளியர் இம்பிளாண்ட் வேறு வகை. சத்தத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, உட்செவியில் வைத்த மின்முனைகள் வழியாகக் கேட்கும் நரம்பை நேராகத் தூண்டுகிறது. சைகை மொழியில் நாலைந்து சொற்கள் கற்றுக்கொடுக்கலாம், ஆனால் நாமாகக் கற்பனை செய்த சைகைகளைக் கற்றுக்கொடுக்கக் கூடாது. உலகில் 300-க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம் உண்டு. உங்கள் பகுதியில் பேசப்படும் மொழியை அதைப் பேசுகிறவரிடமிருந்து கற்க வேண்டும்.

ஒரு விதியைக் கண்டிப்பாகச் சேர்த்துச் சொல்லுங்கள். வகுப்புக்கு வந்த கருவியைத் தொடலாம். ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கருவியை அவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வீல்சேரைப் பின்னாலிருந்து தள்ளுவது, கேட்காமல் ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளுவது போல. வேலையில் இருக்கும் வழிகாட்டி நாயைத் தடவிக் கொடுப்பதும் அப்படித்தான், அதன் கவனம் சிதறினால் அவருக்கு ஆபத்து.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகளுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, வலிப்பு போன்றவற்றைக் கருவியைக் காட்டி விளக்க முடியாது. சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன், அன்றைய நாளின் வரிசையைச் சொல்லும் படப் பலகை, பேச்சுக்குப் பதிலாகத் தொட்டுக் காட்டும் படங்கள் என்று சில உண்டு, அவற்றைக் காட்டலாம். மற்றதற்குக் கதையும் பொம்மையும்தான் வேண்டும்.

பொம்மையும் கதையும்

மூன்று, நான்கு வயதுக்குப் பொம்மைதான் சிறந்தது. அந்த வயதில் நீண்ட விளக்கம் ஏறாது, விளையாட்டு ஏறும். பார்பி நிறுவனம் 1997-இல் வீல்சேரில் இருக்கும் பெக்கி என்ற தோழிப் பொம்மையைக் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் பெக்கியின் வீல்சேர் பார்பியின் பொம்மை வீட்டு லிஃப்டுக்குள் நுழையவில்லை. இந்தச் சம்பவத்தை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சொல்லி, "இப்போ என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெக்கியை நடக்க வைக்க வேண்டும் என்று என் வகுப்பில் யாரும் சொன்னதில்லை. "லிஃப்டைப் பெரிசாக்கணும்" என்றுதான் சொல்வார்கள். குறை மனிதரிடமா, கட்டடத்திலா என்று பெரியவர்கள் வருடக்கணக்காக விவாதிக்கும் விஷயம் அது. அடுத்து, கட்டைகளை வைத்துப் பொம்மை வீல்சேருக்குச் சாய்தளம் கட்டச் சொல்லலாம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. செங்குத்தாக வைத்தால் பொம்மை உருண்டு விழும், நீளமாக்கினால் ஏறும். இதற்கு விளக்கவுரை தேவையே இல்லை.

லெகோ 2016-இலும், பார்பி மீண்டும் 2019-இலும் வீல்சேர் உருவங்களை வெளியிட்டன. அந்த 2019 வரிசையில் செயற்கைக் கால் வைத்த பார்பியும் உண்டு. விலை கொடுத்து வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. இருக்கும் பொம்மையின் காதில் களிமண்ணால் ஒரு மெஷின் ஒட்டினாலும் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பொம்மை எப்போதும் நோயாளியாகவே இருக்கிறதா? பிள்ளைகள் அதை ஆஸ்பத்திரிக்கு மட்டுமே கூட்டிப்போனால், நீங்களும் விளையாட்டில் சேர்ந்து அதை ஆசிரியராக்குங்கள், பேருந்து ஓட்ட வையுங்கள்.

கதைப் புத்தகம் எளிதில் கிடைக்கும், திரும்பத் திரும்ப வாசிக்கலாம், கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளையும் பேசும். ஆனால் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதையில் அந்தக் குழந்தை ஏதாவது செய்கிறதா, அல்லது மற்றவர்கள் நல்லவர்கள் என்று காட்ட மட்டும் வருகிறதா? கடைசிப் பக்கத்தில் குணமாகிவிடுகிறதா? பெரிய சாதனை செய்த பிறகுதான் எல்லோரும் சேர்த்துக்கொள்கிறார்களா? இதில் எதற்காவது பதில் நெருடினால் நான் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். சாதாரணமாக ஒரு நாய்க்குட்டியைத் தேடிப் போகும் சிறுமி, வீல்சேரில் போகிறாள் என்றால் அது நல்ல கதை.

இங்கே நம் மொழியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'செவிடன் காதில் ஊதிய சங்கு', 'நொண்டிச் சாக்கு', 'குருட்டு அதிர்ஷ்டம்' என்று யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். பழங்கதைகளில் கெட்டவருக்குத்தான் கூன் விழுந்திருக்கும், ஒற்றைக் கண் இருக்கும். வகுப்பில் ஒரு நல்ல புத்தகம் வாசித்துவிட்டு, அடுத்த நிமிடம் "என்ன, காது செவிடா?" என்று அதட்டினால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? 'மாற்றுத்திறனாளி' மரியாதையான சொல், பெரியவர்களிடம் நான் அதையே பயன்படுத்துகிறேன். மூன்று வயதிடம் அந்தச் சொல் நிற்காது. 'கண் தெரியாதவர்', 'காது கேளாதவர்', 'வீல்சேரில் போகிறவர்' என்று உள்ளதை உள்ளபடி, இரக்கக் குரல் இல்லாமல் சொன்னால் போதும்.

ஒருவரை அழைப்பது

நேரில் பழகுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்பதைப் பொறுத்தே பலன். உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது: இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், பொறுப்பில் இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அப்போதுதான் பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கும். ஒருவரை முன்னால் உட்காரவைத்து, அரைமணி நேரம் அவர் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்பதில் சமநிலை எங்கே இருக்கிறது?

அதனால் நான் ஒருவரை அழைத்தால் அவருடைய வேலைக்காக அழைக்கிறேன். பிரெயிலில் கதை வாசிப்பவர் கதை சொல்ல வரட்டும். வீல்சேரில் வரும் ஓவியர் பிள்ளைகளோடு சேர்ந்து சுவரில் வரையட்டும். நடுவில் கேள்விகள் தானாக வரும். எதற்குப் பதில் சொல்ல விருப்பம், எதைத் தவிர்க்கலாம் என்று முன்னாலேயே அவரிடம் பேசிவைத்துக்கொள்கிறேன். அவருடைய நேரத்துக்குரிய தொகையையும் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 3-ஆம் தேதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் ஒரு விழா நடத்துவதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. தனியாக அது எதையும் மாற்றிப் பார்த்ததில்லை.

கேட்ட இடத்திலேயே பதில்

இது தேர்வு அல்ல. மேலே சொன்னதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதுவும் கூடவே நடந்தாக வேண்டும், ஏனென்றால் குழந்தை பாடவேளை பார்த்துக் கேட்பதில்லை. முதலில் சொன்ன அந்தக் கேள்விக்கு என் பதில்: "சிலருக்கு ஒரு கால்தான் இருக்கும். அவங்க ஊன்றுகோல் வைச்சு நடக்கறாங்க பாரு." சாதாரணக் குரலில், ஒன்றிரண்டு வரி. அந்த அக்காவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரியான பதில். ஏன் அப்படி ஆனது என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். முன்பின் தெரியாதவரிடம் போய்க் கேட்கச் சொல்லக் கூடாது, அவர் நமக்குப் பாடம் எடுக்க வெளியே வரவில்லை.

குழந்தை வாய்விட்டுக் கேட்காத இரண்டு கேள்விகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும். இது ஒட்டிக்கொள்ளுமா? ஏதாவது தப்பு செய்ததால் இப்படி ஆனதா? இரண்டுக்கும் கேட்காமலேயே "இல்லை" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு விளக்கணைக்கப் பயந்த பையனுக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று, நான்கு வயது என்றால் பொம்மையும் இரண்டு நல்ல புத்தகமும் போதும். ஐந்து வயதுக்கு மேல் கருவிகளை முதன்மையாக வையுங்கள், புத்தகம் துணைக்கு. ஒரு வருடம் முழுதும் கையில் இருந்தால் வேலைக்காக வரும் ஒரு விருந்தினரை ஒருமுறையோடு நிறுத்தாமல் மூன்று, நான்கு முறை வரவழையுங்கள். ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் கண்ணாடியும் பிரெயிலும். கண்ணைக் கட்டுவது எந்த வயதுக்கும் வேண்டாம்.

கருவி பயன்படுத்தும் குழந்தை ஒன்று உங்கள் வகுப்பிலேயே சேரப்போகிறது என்றால் மேலே சொன்ன வரிசையெல்லாம் மாறும். அப்போது முதலில் கேட்க வேண்டியது அந்தக் குழந்தையையும் வீட்டாரையும்தான். மற்றவர்களுக்கு என்ன சொல்லலாம், யார் சொல்வது, எதுவுமே சொல்லாமல் விட்டுவிடலாமா? சில பிள்ளைகள் தங்கள் கருவியைக் காட்டப் பெருமைப்படுவார்கள். சிலருக்கு அது பிடிக்காது. அந்தக் குழந்தையே பாடப்பொருளாகிவிடக் கூடாது.

என் வகுப்புக்குக் காது மெஷினோடு ஒரு சிறுமி வந்தாள். என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "தண்ணி விளையாடும்போது கழட்டிருவேன். அப்போ முன்னாடி வந்து பேசச் சொல்லுங்க" என்றாள். அதை மட்டும்தான் சொன்னேன். அடுத்த தண்ணீர் விளையாட்டின்போது பார்த்தேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்த ஒரு பையன், நிறுத்திவிட்டு, சொட்டச் சொட்ட ஓடிப்போய் அவள் முன்னால் நின்றுகொண்டு, "வாளியைக் குடு" என்றான்.